சிறைக்குள் தியானம்: மாணவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

பாளையங்கோட்டைக்குத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று ஒரு பேர் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளிக்கூடம், கல்லூரி. அதே ஊரில்தான் தமிழ்நாட்டின் 9 மத்தியச் சிறைகளில் ஒன்றும் இருக்கிறது. காலையில் டவுன் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே, கட்டைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். பைக்குள் ஒரு புதுத் துண்டு, சோப்பு, ரெண்டு பிஸ்கட் பாக்கெட், ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். எங்கே போறீங்க என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, “மனு பாக்கப் போறேன்யா” என்பார். உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக் கொடுக்கிற காகிதத்தின் பேர் அந்தச் சந்திப்புக்கே பேராகிவிட்டது.

இந்த ஊரில் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். சிறைச் சீர்திருத்தம் என்ற பகுதியில் தியானமும் வரும். அன்றைக்கு வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை: “சார், கண்ண மூடி உக்காந்தா வெட்டுனவன் திருந்திருவானா?”

நல்ல கேள்வி. ‘கண்டிப்பா’ என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போகிற ஆசிரியர் இருக்கிறார். ‘அதெல்லாம் கண்துடைப்பு’ என்று தள்ளிவிடுகிறவரும் இருக்கிறார். ரெண்டு பதிலுமே பிள்ளைகளை ஏமாற்றுவது என்று நான் நினைக்கிறேன். இந்த விஷயத்தில் 50 ஆண்டு அனுபவம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதைப் பிரித்துப் படித்தால் பிள்ளைகளே பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதை 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் தொடங்குகிறது. அப்போது ராஜஸ்தான் உள்துறைச் செயலாளராக இருந்தவர் ராம் சிங். மூச்சையும் உடம்பில் தெரிகிற உணர்வுகளையும் கவனிக்கிற விபாசனா என்ற தியானத்தில் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது சிறைக்குள் எடுபடுமா என்று யோசித்தவர். சொல்லிக்கொடுக்க வந்தவர் எஸ்.என். கோயங்கா. பர்மாவின் மண்டலே நகரத்தில் 1924இல் பிறந்த வியாபாரி. ஒற்றைத் தலைவலி தாங்க முடியாமல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போய்த் தியானம் பழகினவர். அந்த ஊ பா கின் சாமியார் இல்லை. பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக ஆபீஸுக்குப் போய்வந்த மனிதர். இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். தியானம் என்றாலே காவியும் தாடியும்தான் பிள்ளைகள் கண்ணுக்கு வருகிறது.

10 நாள் நடந்த ஜெய்ப்பூர் முகாமில் 120 கைதிகள். கொடுங்குற்றம் செய்த சிலரைக் கைவிலங்கும் கால்விலங்குமாகக் கூட்டி வந்தார்கள் என்றும், விலங்கு போட்டவனுக்கு முன்னால் உட்கார்ந்து என்னால் சொல்லித்தர முடியாது என்று தான் மறுத்ததாகவும் கோயங்கா பின்னால் சொல்லியிருக்கிறார். அதிகாரிகளுக்குப் பயம். கடைசியில் விலங்கைக் கழற்றினார்கள். முகாம் முடியும்வரை அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.

இந்த விலங்குக் கதையை ஒட்டி ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிட வேண்டும். நம் சிறைகளை ரொம்ப காலம் நடத்தி வந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். காவல், கட்டுப்பாடு, தண்டனை இவைதான் அதன் கவலை. சிறை ஒழுங்கை மீறினவருக்குக் கசையடி கொடுக்கக்கூட அதில் இடம் இருந்தது. இன்றைக்குத் துறையின் பேரே ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’. பேர்ப்பலகை மாறிவிட்டது. பலகைக்குப் பின்னால் என்ன மாற வேண்டும் என்பதற்கு ஜெய்ப்பூர் ஒரு விடை.

சரி, அந்த 10 நாளில் அப்படி என்னதான் நடக்கிறது? அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் உட்கார வேண்டும். பேச்சு கிடையாது, ஜாடை காட்டக்கூடக் கூடாது. முதல் 3 நாள் மூச்சு மட்டும்தான். மூக்கு நுனியில் காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது. மந்திரம் இல்லை, உருவம் இல்லை, மூச்சைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. 4ஆம் நாளிலிருந்து கவனத்தை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நகர்த்தி, அங்கங்கே தெரிகிற சூடு, அரிப்பு, வலி, துடிப்பு எல்லாவற்றையும் வெறுமனே பார்ப்பது. கால் மரத்துப்போகும். வலிக்கும். வலிக்கிறது என்று தெரிந்துகொண்டு, உடனே காலை மாற்றாமல் கொஞ்ச நேரம் இருப்பது. கடைசி நாளில் மௌனம் கலைத்து, எல்லாருக்கும் நல்லது நினைக்கச் சொல்வார்கள்.

இதைக் கேட்டதும், “அரிப்பப் பாத்தா என்ன சார் வரும்?” என்று சிரிப்பார்கள். அப்போது பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு சின்ன வேலை கொடுப்பேன். கடைசியாக உங்களுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்த சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார், என்ன, எதற்கு என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். உடம்பில் முதலில் எந்த இடத்தில் தெரிந்தது? அதை மட்டும் ஒரு துண்டுத்தாளில், பேர் போடாமல் எழுதுங்கள்.

முதலில் யாரும் எழுத மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன், மேலே ஃபேன் சத்தம். பிறகு ஒவ்வொருவராகக் குனிவார்கள். போன தடவை வந்த தாள்களில் சிலது: ‘நெஞ்சு படபடன்னு அடிக்கும்.’ ‘கை நடுங்கும்.’ ‘தொண்டை அடைக்கும், பேச்சு வராது.’ ‘வயித்துல தீ பிடிச்ச மாதிரி.’ ஒரு தாளில், ‘காது சூடாகும். அதுக்கப்புறம் என்ன பண்ணேன்னு ஞாபகம் இல்ல.’

கடைசித் தாளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். காது சூடாவதற்கும், என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லாமல் போவதற்கும் நடுவே ஒன்றிரண்டு விநாடி இருக்கிறது. உடம்பில் கிளம்புகிறதைக் கிளம்பின உடனே பார்த்துவிடுகிற பழக்கம் வந்தால், அந்த ஒன்றிரண்டு விநாடி கொஞ்சம் நீளும். கை நிற்க அது போதுமானதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தியானத்தால் ஆகிற காரியமாக நான் நிச்சயமாகச் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான். கெட்டவனை நல்லவனாக்குகிற மருந்து என்று சொல்லிக் கொடுக்க மாட்டேன்.

ஜெயிலுக்குள் இந்தப் பயிற்சிக்குத் தனி அர்த்தம் உண்டு. வெளியே இருப்பவர்கள் சிறை என்றால் அமைதியான இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருந்து வந்தவரிடம் கேட்டால் முதலில் சத்தத்தைப் பற்றித்தான் சொல்வார். பூட்டுச் சத்தம், கணக்கெடுக்கிற சத்தம், சண்டைச் சத்தம், ராத்திரி யாரோ அழுகிற சத்தம். லாக்கப் ஆன பிறகு விடியும்வரை தப்பிக்க முடியாதது தன் நினைப்பிடமிருந்துதான். அந்த நினைப்போடு எப்படி இருப்பது என்று ஒருவர் வந்து பொறுமையாகச் சொல்லித்தருகிறார் என்றால், அதுவே பல பேருக்கு வாழ்க்கையில் முதல்தடவை.

1993இல் கிரண் பேடி டெல்லி திகார் சிறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அங்கே விபாசனா முகாம் ஆரம்பமானது. 1994 ஏப்ரலில் ஏறக்குறைய 1,000 கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். சிறைக்குள்ளேயே நிரந்தர மையமும் அமைந்தது. எல்லாரும் அந்த 1,000 என்ற எண்ணைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கைதிகளுக்கு முகாம் போடுவதற்கு முன்னால் சிறை அதிகாரிகள் சிலரைத் தியானம் பழகிவரச் சொல்லி அனுப்பினார்கள். அடிக்கிற கையும் பதறாமல் இருக்கப் பழக வேண்டும் அல்லவா? வார்டர் வேலை பார்க்கிறவர்கள் நம் மாவட்டத்திலும் நிறைய உண்டு. ராத்திரி டியூட்டி, ஆள் பற்றாக்குறை, எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்ற பதற்றம். வகுப்பில் கைதியின் மனசைப் பற்றி 1 மணி நேரம் பேசினால், காவலரின் மனசைப் பற்றி அரை மணி நேரமாவது பேச வேண்டும்.

இனி எண்கள். மாணவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. வாட்ஸ்அப்பில் ‘தியானத்தால் குற்றம் குறைந்தது, ஆய்வில் நிரூபணம்’ என்று வந்தால் அப்படியே பகிர்ந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டி இருந்த ஒரு மறுவாழ்வுச் சிறையில் 1997 முதல் சில ஆண்டுகள் விபாசனா முகாம் நடந்தது. முகாமை முடித்தவர்களில் 2 ஆண்டுக்குள் திரும்ப உள்ளே வந்தவர்கள் 56 சதவீதம். அந்தச் சிறையில் பொதுவாகத் திரும்பி வருகிறவர்கள் 75 சதவீதம். பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் முகாமில் சேர்ந்தவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இலவச டியூஷனுக்கு வருகிற பையன் பாஸாகிறான் என்றால், டியூஷனால் பாஸானானா, ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பி வருகிற அவனுடைய அக்கறையால் பாஸானானா? ரெண்டையும் பிரிக்க முடியாது. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் குலுக்கல் முறையில் ஆட்களை ரெண்டு பக்கமாகப் பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் 7 சிறைகளில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அப்படிச் செய்தார்கள்; முடிவு 2013இல் வெளிவந்தது. 10 வாரம் யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது, மனநிலை தெளிந்திருந்தது, அவசரப்பட்டுச் செய்வதைக் கட்டுப்படுத்தும் சோதனையிலும் மேலாகச் செய்தார்கள். வெளியே வந்த பிறகு குற்றம் செய்தார்களா இல்லையா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. இருக்கிற ஆதாரம் நம்பிக்கை தருகிறது. அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

நம் நாட்டு எண் ஒன்றையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நூற்றுக்கு 75க்கும் மேல். இதைப் பலகையில் எழுதினால் வகுப்பு ஒரு நிமிஷம் அடங்கிவிடும். நாலில் மூன்று பேர் மேல் குற்றம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. அவர்களைப் பார்த்து ‘திருந்து’ என்று எப்படிச் சொல்வது? ஜாமீன் எப்போது வரும், ஜாமீன்தாரர் கிடைப்பாரா, அடுத்த வாய்தாவுக்கு எஸ்கார்ட் போலீஸ் வருமா என்று நெஞ்சில் கல்லைச் சுமந்துகொண்டிருக்கிறவரிடம் 10 நாள் மௌனமாக இரு என்றால் முடியுமா? அவருக்குத் தியானம் தேவைப்படலாம், படுத்தால் தூக்கம் வருவதற்கு. ஆனால் அவருக்கு முதலில் வேண்டியது ஒரு வக்கீல். சட்ட உதவி மையத்துக்குச் செலவாக வேண்டிய கவனத்தைத் தியான வகுப்பின் போட்டோ தின்றுவிடக் கூடாது.

இன்னொரு நெருடலும் உண்டு. முஸ்லிம்கள் நிறைய இருக்கிற மேலப்பாளையத்திலிருந்து வருகிற பிள்ளையும், சர்ச் தெருவிலிருந்து வருகிற பிள்ளையும், நெல்லையப்பர் கோயில் ரதவீதிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிற வகுப்பு என்னுடையது. “எங்க வீட்ல இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க சார்” என்று ஒரு மாணவி தயங்கிச் சொன்னாள். மூச்சுக்கு மதம் இல்லை என்று சொல்லி அவள் வாயை அடைக்கலாம். அது முழு உண்மை ஆகாது. விபாசனா புத்தர் வழியில் வந்தது. சொல்லித்தருகிறவர்களும் அதை மறைப்பதில்லை. அதனால் நான் சொன்னது: பழகிப் பார்க்காமலே இதைப் பற்றிப் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். சிறைக்குள்ளும் இதே விதிதான் இருக்க வேண்டும். மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறவரிடம் ‘விருப்பப்பட்டால்’ என்று கேட்பதே கஷ்டம். வராவிட்டால் நன்னடத்தையில் குறை வைப்பார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்தப் பயம் இல்லை என்று உறுதி செய்வது நடத்துகிறவர் பொறுப்பு. சிலருக்குக் கண்ணை மூடினாலே பழைய அடியும் ரத்தமும் முன்னால் வந்து நிற்கும். அவர்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பது கெடுதல். அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர்.

இதையெல்லாம் ஏன் மாணவர்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் வகுப்பறைக்கும் ஜெயிலுக்கும் நடுவே இருக்கிற சுவர் அத்தனை கனமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படிக்கிற பையன்களே வீட்டுக்குள் புகுந்து பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் தடுக்கப்போன அவன் தங்கையையும் வெட்டினார்கள். சாதிதான் காரணம். அதன் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற சாதிக் கலர் கயிற்றிலிருந்து பள்ளிப் பேர்கள் வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது முடிந்த பையன் கொடுங்குற்றம் செய்தால் அவனைப் பெரியவனாகவே வைத்து விசாரிக்கவும் வழியுண்டு. இது பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் எல்லாப் பள்ளியிலும் தினம் 10 நிமிஷம் தியானம் வைத்துவிட்டால் போதும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் தியானத்தை நம்புகிறவன்; ஆனாலும் இதற்குத் தலையாட்ட மாட்டேன். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரை உள்ள 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2022இல் முடிவு வந்தது. மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற, மூச்சையும் நினைப்பையும் கவனிக்கப் பழக்குகிற வகுப்பு எடுத்த பள்ளிகளுக்கும் வழக்கமான வகுப்பு எடுத்த பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வீட்டில் பெரும்பாலான பிள்ளைகள் பழகவே இல்லை. மணி அடித்துக் கண்ணை மூடச் சொன்னால் மூடுவார்கள், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமாக ஒன்று. சாதி வன்முறை வெறும் கோபம் இல்லை. கோபமே வராமல், ராத்திரி உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்கிற காரியமாகவும் அது இருக்கிறது. அவமானப்படுத்தினவனையும் அவமானப்பட்டவனையும் ஒரே பாயில் உட்கார வைத்து ‘ரெண்டு பேரும் அமைதியா இருங்க’ என்றால், அடி வாங்கினவனுக்கு மட்டும்தான் அது தண்டனை. வாத்தியார் கண்ணெதிரே கயிறு கட்டிக்கொண்டு வருகிற பையனைக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் மூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசி வகுப்பை எப்போதும் வ.உ.சி.க்கு வைத்திருக்கிறேன். ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்தவர். 1908 மார்ச்சில் கைதானபோது நெல்லைச் சீமையே கொந்தளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் வைத்திருந்தார்கள். நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை 40 ஆண்டு. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார் என்பது 5ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். உள்ளே இருந்த காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. மனிதனின் எண்ணம்தான் அவன் வாழ்க்கையை உருவாக்குகிறது என்று எழுதிய ஜேம்ஸ் ஆலனைத் தமிழில் மொழிபெயர்த்தார். தமிழ் இலக்கணமும் குறளும் ஆழ்ந்து படித்தார். அற நூல்கள் எழுதினார். கை தோல் உரியும் வேலைக்கு நடுவே மனசை ஒரு இடத்தில் நிறுத்திக்கொண்ட மனிதர். சிறைக்குள் மனப்பயிற்சி என்றால் எங்களுக்கு உதாரணம் திகாரிலிருந்து வர வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெளியே வந்தவருக்குக் கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும், அதாவது வக்கீல் தொழில் பார்க்கிற உரிமமும், பறிபோயிருந்தது. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். குடும்பம் நடத்தவே திண்டாடினார். மன உறுதியில் அவருக்கு என்ன குறை? குறை அவரிடம் இல்லை. வெளியே வந்தவனுக்குத் தொழில் வேண்டும், நம்பிக் கொடுக்க ஆள் வேண்டும். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முயற்சி எடுத்ததால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார் வ.உ.சி.

வ.உ.சி. நாட்டுக்காகப் போனவர். அவரையும், ஒரு கணத்தில் புத்தி கெட்டுப்போய் உள்ளே போனவனையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் வாசல் ஒன்றுதான். வெளியே வருகிறவருக்கு ரேஷன் கார்டில் பேர் இருக்காது. ‘உள்ள போயிட்டு வந்தவன்’ என்று வீடு வாடகைக்குத் தர மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருத்தர், அவருக்குக் கீழே எக்கச்சக்கமான கேஸ். எங்கள் ஊரில் கைதிகளே நடத்துகிற பெட்ரோல் பங்க் இருக்கிறது. மாணவர்கள் அங்கே பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் போட்டுச் சில்லறையை எண்ணிக் கொடுத்தவரின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. அதைவிட நல்ல சேதி வேறென்ன, மற்ற பங்க்கில் நிற்கிறவர் முகமும் ஞாபகம் இருப்பதில்லையே.

இந்த வருஷம் அந்தக் கடைசி வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். நம்ம ஊர் வாலஸ் யார்? உங்களுக்குத் தெரிந்த கடை, வொர்க் ஷாப், மில், ஓட்டல் எதுவானாலும் சரி; தண்டனை முடிந்து வருகிற ஒருவருக்கு வேலை கொடுக்கக்கூடிய ஓர் இடத்தை எழுதுங்கள். மறுபடியும் துண்டுத்தாள், பேர் வேண்டாம். 41 தாள் வந்தது. பாதிக்கு மேல் வெறும் தாள். சிலதில் ‘அரசு கொடுக்க வேண்டும்’. ஒன்றில் மட்டும், காது சூடாகும் என்று எழுதின அதே கோணல் கையெழுத்தில்:

‘எங்க அப்பா லேத் பட்டறைல ஒரு ஆள் வேணும்னாரு. கேட்டுப் பாக்கேன் சார்.’